என்னமா பார்க்குது!

நண்பர் பாங்க் அதிகாரி. ஞாயிறு வந்தால் தோளில் கேமரா, அதில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். ஒரு மார்ச் மாதக் காலையில் என்னையும் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். புளியமரப் பொந்தின் வாசலில் ஒரு புள்ளி ஆந்தை. மைனா சைஸ்தான். கண்ணைப் பாதி மூடி, இளவெயிலில் சொக்கிக்கொண்டிருந்தது.

"தூங்குமூஞ்சிப் படத்தை எவன் சார் பார்ப்பான்? கொஞ்சம் தட்டுங்க."

தட்டினேன். ஆமாம், நான்தான். கீழே கிடந்த கல்லை எடுத்து அடிமரத்தில் நாலு தட்டு. மஞ்சள் கண்கள் சட்டென்று திறந்தன. தலையை மேலும் கீழும் ஆட்டி எங்களை முறைத்தது. கிளிக், கிளிக். அப்புறம் பறந்துவிட்டது. பகலில் வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் சும்மா விடுமா? ஏழெட்டு சேர்ந்து தென்னந்தோப்பு வரை விரட்டிக்கொண்டு போயின. நாங்கள் கிளம்பும்வரை அது திரும்பவில்லை. மார்ச், அது குஞ்சு வளர்க்கும் மாதம் என்பதை வீட்டுக்கு வந்துதான் பறவைப் புத்தகத்தில் பார்த்தேன். பொந்துக்குள் என்ன இருந்ததோ.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்பு வாட்ச்மேன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்கறவனை எழுப்பலாமா சார்?"

படம் பிரமாதமாக வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும், "என்னமா பார்க்குது!" என்றார்கள். அங்கேதான் எனக்கு உதைத்தது. ஆந்தையின் கண் குழாய் வடிவம். நம்மைப்போல் உருட்ட முடியாது. நம்மைப் பார்க்க முழுத் தலையையும் திருப்பியாக வேண்டும். (அதற்காகவே கழுத்தில் 14 எலும்புகள். நமக்கு 7.) பட்டப்பகலில் அது கண்ணை அகல விரித்து லென்ஸையே பார்க்கிறது என்றால் தூக்கம் கெட்டுக் கலவரப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத்தான் நாம் நல்ல 'போஸ்' என்கிறோம்.

வடஅமெரிக்காவில் இன்னொரு தந்திரம் உண்டு. கடையில் வாங்கிய எலியைப் பனியில் விட்டு, பனி ஆந்தை பாய்ந்து வரும்போது படமெடுப்பது. ஆந்தைக்கு ஓசிச் சாப்பாடுதானே, என்ன நஷ்டம் என்பார்கள். மனுஷனைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய ஆந்தை, ரோட்டோரம் வந்து காரில் அடிபடலாம்.

நண்பரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "ஆந்தை முழிச்சா அபசகுனம்னு கல்லால அடிக்கிற ஊர் சார் இது. படத்தைப் பார்த்தா பாசம் வரும். பாசம் வந்தா அடிக்க மாட்டான். எரிக் ஹாஸ்கிங் கண்ணையே கொடுத்திருக்கார், தெரியுமா?"

தெரியும். 1937-ல் வேல்ஸில் கூட்டருகே படமெடுக்கப்போன ஹாஸ்கிங்கின் முகத்தில் ஓர் ஆந்தை பாய்ந்தது. இடது கண் போயிற்று. அதற்கப்புறமும் பல வருஷம் பறவைகளைப் படமெடுத்தார், பெரிய மனுஷர்தான். ஆனால், அவர் அங்கே போனது அவர் இஷ்டம். குஞ்சைக் காக்க வந்த ஆந்தையை யாரும் கேட்கவில்லை. பாசம் விஷயத்தில் நண்பர் சொல்வது பொய்யில்லை. என் அத்தையே அந்தப் படத்தைப் பார்த்து, "குழந்தையாட்டம் இருக்குடா" என்றாள். அதனால் நாளைக்கு வேறு ஏதோ ஓர் ஆந்தை பிழைக்கலாம். புளியமரத்து ஆந்தைக்கு அதில் என்ன பங்கு?

போன வாரம் நண்பர் போன் செய்தார். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இருக்கிறதாம்.

"வர்றேன். ஆனா தட்ட மாட்டேன். தூரத்துல உட்கார்ந்து அதுவா முழிக்கிற வரைக்கும் பார்க்கலாம்."

"சாயங்காலம் ஆயிடுமே சார்?"

"ஆகட்டும்."

"வெளிச்சம் போயிடும். படம் வராது."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "சரி, சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க" என்றார்.