அண்டை வீட்டார் கேட்ட கேள்வி

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. இன்று அவ்வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும் நம் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய அண்டை வீட்டு அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "வாரத்தில் ஒரு நாள் ஞாயிறு பள்ளிக்கு அனுப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாய் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் தினமும் ஓதப் போகிறார்களே, அது எப்படி?"

நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இங்கிலாந்தின் க்ளூஸ்டர் நகரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, அந்த ஏழைச் சிறுவர்கள் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனவர்கள். அவர்களுக்கு ஓய்வு அன்று ஒரு நாள்தான். அந்த நிலை மாறிய பின்பும் ஒரு நாள் என்ற கணக்கு மட்டும் நின்றுவிட்டது. மக்தபிலோ மார்க்கம் அன்றாடப் பழக்கம். ஒளூச் செய்து, பாயில் அமர்ந்து, வாய்விட்டு ஓத வேண்டும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையிடம் பாடம் கேட்கும். (திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறையும் இதுதான். எழும்பூர் அநாதை இல்லத்தில் பெல் பாதிரியார் நடத்திப் பார்த்து, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டு போனதும் இதைப் போன்றதே.) இவ்வளவையும் அன்பரிடம் சொன்னோம்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் நம்மைத் தைத்தது. "ஓதுவதன் அர்த்தம் பிள்ளைக்குத் தெரியுமா?"

அவர்களுடைய புதிய ஏற்பாடு 1715க்குள் தரங்கம்பாடியில் தமிழில் அச்சாகிவிட்டது. குர்ஆன் முழுமைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சில் வந்தது சென்ற நூற்றாண்டில்தான்.

பொருள் அறியாத சொல்லைப் பிள்ளையின் மனத்தில் ஏற்றுவது முறையா? முறையே என்போம். தாலாட்டின் பொருள் அறிந்தா குழந்தை உறங்குகிறது? ஏழு வயதில் பதிந்த அல்ஹம்து சூரா எழுபதிலும் நாவில் நிற்கும். ஆனால் அது, பொருளைப் பிறகு தருகிறோம் என்று பிள்ளையிடம் நாம் பட்ட கடன். கடனை அடைக்க வேண்டிய பதின்மூன்று, பதினான்கு வயதில்தான், "பத்தாம் வகுப்பு வருகிறது, டியூஷன் இருக்கிறது" என்று ஓதலையே நிறுத்திவிடுகிறோம். ஹஜ்ரத்தைக் குறை சொல்வது எளிது. நாற்பது பிள்ளைகளை ஒருவராய் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? குர்ஆன் ஓதி முடித்த அன்று நெய்ச்சோறு ஆக்கி ஊருக்கு விருந்து வைக்கிறோமே, மறுநாள் அர்த்தம் படிக்க உட்கார வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அன்றிரவு இஷாவுக்குப் பின் நம் வீட்டுப் பிள்ளையை அழைத்து, குல்ஹுவல்லாஹு சூராவுக்கு அர்த்தம் கேட்டோம். பிள்ளை அழகாக ஓதிக் காட்டியது. மீண்டும் கேட்டோம். மீண்டும் ஓதிக் காட்டியது.