பாறையின் சாட்சியம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஹாமலின் பூல் என்றொரு ஒதுங்கிய நீர்ப்பரப்பு. கடல்நீரைப்போல் இரு மடங்கு உப்பு. மேய வரும் நத்தைகளால் தாங்க முடியாத அந்த உப்பில், கரையை ஒட்டிக் கருத்த கல்திட்டுகள் நிற்கின்றன. அவற்றின் மேல்தோலில்தான் உயிர் இருக்கிறது. சயனோபாக்டீரியா முதலான நுண்ணுயிர்கள் பிசுபிசுப்பான படலமாகப் படர்ந்து, நீரில் வரும் மணல்துகள்களைப் பிடித்துக்கொள்கின்றன. துகள்கள் மூடினால் வெளிச்சம் தேடி மேலேறி அடுத்த படலத்தை விரிக்கின்றன. இப்படி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட எட்டாமல், ஏடு ஏடாக வளரும் கல்தான் ஸ்ட்ரோமட்டோலைட்.

அதே மாநிலத்தின் பில்பரா பகுதியில் 348 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலும் இத்தகைய அடுக்குகள் தெரிகின்றன. அங்கே மிஞ்சியிருப்பது பெரும்பாலும் உருவம்தான். உருவத்தை வைத்து உயிரைச் சொல்லிவிடலாமா?

இந்தியத் தருக்க மரபு நெடுங்காலம் அலசிய கேள்வி இது. மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அறியும் வழிகளான அளவைகளை விரித்துப் பேசுகின்றன. மலையில் புகை கண்டால் அங்கே நெருப்பு உண்டென்று கொள்வது அனுமானம். ஆனால் கண்டது புகையா பனிமூட்டமா என்பதை முதலில் தெளிய வேண்டும்.

பனிமூட்டம் புவியியலிலும் உண்டு. உயிரின் துணையின்றி, தாதுக்கள் படிவதாலேயே இதேபோன்ற மேடுகள் உருவாக முடியும் என்று 1996இல் கிராட்சிங்கரும் ராத்மனும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆகவே வடிவம் மட்டும் போதாது. 2006இல் அபிகெய்ல் ஆல்வுட் குழு, பில்பராவின் 343 கோடி ஆண்டுப் பாறையைக் கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து ஏழு வகை வடிவங்களைப் பிரித்துக் காட்டியது. பழங்கடலின் சூழல் மாறிய இடங்களில் வடிவமும் மாறியிருந்தது. அந்த ஒழுங்குதான் அவர்கள் வாதத்தின் பலம்.

2016இல் ஆலன் நட்மன் குழு, கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பாறையில் ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டர் உயரக் கூம்புகளைக் கண்டு, மிகப் பழைய உயிர்த்தடம் என்று அறிவித்தது. ஆல்வுட் நேரில் சென்று பார்த்தார். ஒரு முகத்தில் கூம்பாகத் தெரிந்தவை, வேறு பக்கமாகப் பார்த்தபோது நீண்ட வரப்புகளாக இருந்தன; உள்ளே ஏடுகளைக் காணவில்லை. நிலத்தடியில் நசுங்கிய பாறையின் மடிப்புகள் இவை என்றது அவருடைய குழுவின் 2018 கட்டுரை. நட்மன் தரப்பு அதை ஏற்கவில்லை.

இந்த வழக்கு அறிவியலுக்கு இழுக்கு அல்ல. தொடக்கம் பற்றிய கேள்வியில் மனிதருக்கு ஆசை அதிகம். படைத்தவனை நம்புகிறவரும் மறுப்பவரும் பாறையைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாக இழுக்கிறார்கள். அதன் சாட்சியமோ அளவானது: இன்ன காலத்தில் இங்கே உயிர் இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கற்களைக் கட்டிய நுண்ணுயிர்களுக்கே நெடிய முன்கதை உண்டு. உயிர் எப்படித் தோன்றியது என்பது அந்த முன்கதையில் இருக்கிறது. ஏன் தோன்றியது என்று கேட்பவர் வேறிடம்தான் போக வேண்டும்.

ஆல்வுட் தலைமையில் உருவான எக்ஸ்-கதிர்க் கருவியொன்று 2021 பிப்ரவரியில் பெர்சவரன்ஸ் ஊர்தியோடு செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில், பழைய ஏரிப்படுகையில் இறங்கியது. அங்கே ஏடு ஏடான கல் அகப்பட்டாலும் இசுவாவில் கேட்டவற்றையே கேட்டாக வேண்டும்: மறுபக்கம் எப்படி இருக்கிறது, உள்ளே அடுக்கு உண்டா, உயிரின்றியே இது உருவாகியிருக்கக் கூடுமா?