எந்த நீர்?

நாவற்குடாவுக்கு மேற்கே மட்டக்களப்பு வாவி, கிழக்கே கடல். 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட கரை இது. இத்தகைய கரையில் வீட்டைக் காப்புறுதி செய்தவர் இழப்பீடு கேட்கும்போது, பத்திரத்தில் புயல் மட்டும் இருந்து வெள்ளம் இல்லையெனில், விந்தையான வினாவொன்று எழுகின்றது: சுவரைச் சாய்த்தது எந்த நீர்? கூரையைப் பிய்த்து இறங்கிய நீருக்கு ஈடுண்டு. வாசலால் ஏறிய நீருக்கு இல்லை. 2005இல் கத்ரீனாப் புயலின் பின் அமெரிக்க நீதிமன்றங்களிலும் காற்றா, நீரா என்றே வழக்காடினர்.

பொய்க் கோரிக்கைகளைச் சோதிக்கத்தான் வேண்டும். நிதி பலருடைய பணம். ஆனால் வாவியும் வானமும் ஒன்றான இரவில் நீரைப் பிரித்து அளந்து வைத்திருக்க வேண்டியவர் யார்?

சுமாத்திராவிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, அதற்குக் காப்புறுதி செய்திருந்த ஆளுநர் உண்மையை மறைத்தாரெனச் சொல்லிப் பணந்தர மறுத்தனர். 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு, நல்லெண்ணம் இருதரப்பையும் கட்டும் என்றார், காப்புறுதியாளர் தோற்றார். குடியேற்ற ஆளுநருக்கு (அவர் நம்மவருக்கு என்ன நீதி வழங்கியிருப்பார் என்பது வேறு கதை) கிடைத்த அந்நியாயம் நாவற்குடாக் குடியானவருக்கும் உரியதன்றோ? தவணைப்பணம் வாங்கிய நாளிலும் வாவி அங்கேதான் கிடந்தது. விலக்கு விதியைக் காட்டி மறுப்பவரே அது பொருந்துமென நிறுவவேண்டும் என்பது பொதுச்சட்ட மரபு. ஆகவே மறுப்புக் கடிதம் பெற்றவர், நீர் எவ்வழி வந்ததென மதிப்பீட்டாளர் எதைக்கொண்டு முடிவுசெய்தார் என்று எழுத்தில் கேட்கட்டும்.