மூக்கும் தோலும் யாருக்குச் சொந்தம்?

நம் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி வரும். சாதி அடையாளத்தை மறைத்து வாழ்கிற தலித்துகளைச் சாட வேண்டுமென்றால் மைக்கேல் ஜாக்சனை இழுத்துவிடுவார்கள். 'கறுப்பனாப் பொறந்து வெள்ளைக்காரனாச் செத்தான் பாரு, அந்த மாதிரி ஆளுங்கதான் இவங்களும்' என்று. கைதட்டலும் கிடைக்கும். 2009 ஜூன் 25ல் செத்துப்போன ஒரு பாட்டுக்காரரின் தோல் இன்னமும் நமக்கு உவமையாகப் பயன்படுகிறது. இந்த உவமை நியாயம்தானா? ஒருவருடைய முகம் அவருக்குச் சொந்தமா, அவர் பிறந்த கூட்டத்துக்குச் சொந்தமா, இல்லை அதை விற்றுக் காசாக்குகிற கம்பெனிக்கா?

முதலில் நடந்ததைச் சரியாகச் சொல்வோம். தோல் வேறு, மூக்கு வேறு. ஜாக்சனின் தோல் வெளுத்தது வெண்புள்ளியால். 1993 பிப்ரவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். நம்பியவர்கள் கொஞ்சம் பேர். செத்தபின் வந்த பிரேதப் பரிசோதனை அறிக்கை அதை உறுதி செய்தது. தோலின் நிறமி திட்டுத் திட்டாக அழிந்துகொண்டே போகும். வெள்ளை கொஞ்சமாக இருக்கும்வரை அதைக் கறுப்புப் பூச்சால் மறைக்கலாம். வெள்ளையே அதிகமாகிவிட்டால் மிச்சமிருக்கிற கறுப்பையும் வெளுக்க வைக்க மருத்துவர்களே மருந்து தருவதுண்டு. ('வெண்குஷ்டம்' என்ற வார்த்தையை நம் ஆட்கள் இன்னும் விட்டபாடில்லை. குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. தொற்றவும் தொற்றாது.)

மூக்கு அப்படியில்லை. 1979ல் ஆட்ட ஒத்திகையில் மூக்கு உடைந்து முதல் அறுவை நடந்தது. அப்புறம் நடந்தது அவரே விரும்பிச் செய்துகொண்டது. 1988ல் வந்த தன்வரலாற்றில் மூக்கில் இரண்டு தடவை, தாடையில் ஒரு குழி என்று ஒப்புக்கொண்டார். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டோடு நின்ற மாதிரி எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அப்பா தன் மூக்கைச் சொல்லிக் கேலி செய்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த அப்பா, இரும்பாலையில் கிரேன் ஓட்டிய கறுப்புத் தொழிலாளி. மகனுடைய மூக்கு அசிங்கம் என்று அந்தத் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இதற்கு அமெரிக்க மேடையின் கதைக்குப் போக வேண்டும். 1830 வாக்கில் டி.டி. ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பனாக ஆடிப் பாடிப் பேர் வாங்கினார். அந்தப் பேர்தான் பிறகு தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடிதண்ணீர்க் குழாய் என்று ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கே பேரானது. அப்போது வெள்ளையர்கள் கார்க்கைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் அப்பிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து சம்பாதித்தார்கள். கறுப்பர்களுக்கு மேடை கிடைத்தபோதும் அந்தக் கரி போகவில்லை. பெர்ட் வில்லியம்ஸ் (1874-1922) அன்றைக்குப் பெரிய கறுப்பு நகைச்சுவைக் கலைஞர். கொஞ்சம் வெளுத்த நிறம். அவரும் கார்க் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டியிருந்தது. கறுப்பனே கறுப்பு வேசம் கட்டினால்தான் கறுப்பன் என்று ஒத்துக்கொள்வார்களாம்!

அப்புறம் காலம் மாறி, கரிக்குப் பதில் பளபளப்பு கேட்டது சந்தை. டெட்ராய்ட்டின் மோடவுன் கம்பெனியில் மாக்சின் பவல் என்ற கறுப்புப் பெண்மணி, பாட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி நடப்பது, எப்படி உட்காருவது என்று வகுப்பே நடத்தினார். வெள்ளை மாளிகையிலும் அரண்மனையிலும் பாடத் தகுதியாக வேண்டுமாம். இதை ஏளனம் செய்ய எனக்கு மனசு வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் ஆபீஸ் வாசலில் நின்றால் என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வகுப்பு புரியும்.

எதிர்ப்பக்கமும் இருந்தது. காஸ்டிக் சோடா கலந்த மருந்தால் மண்டை எரிய எரிய முடியை நீட்டிக்கொள்ளும் வழக்கத்தை மால்கம் எக்ஸ் சுயமரியாதையோடு சேர்த்துப் பேசினார். 1968ல் ஜேம்ஸ் பிரவுன் அந்த நீட்டு முடியை விட்டு இயல்பான சுருட்டைக்கு வந்தார். கறுப்பன் என்பதில் பெருமை என்று அதே வருசம் பாடினார். அந்தப் பாட்டு தனக்கு வெள்ளை ரசிகர்களை இல்லாமல் செய்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஆக, முகத்தை மாற்றினால் துரோகி, மாற்றாவிட்டால் பிழைப்பில் மண்.

இந்தக் கணக்கு வெள்ளைக்காரருக்குக் கிடையாது. எல்விஸ் பிரெஸ்லியின் சொந்த முடி செம்பட்டை. கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார். பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்புப் பெண் 1953லேயே பாடிப் பிரபலமாக்கிய 'ஹவுண்ட் டாக்'கை 1956ல் பாடி ராஜா ஆனார். உன் தலைமுடிக்கு என்ன ஆச்சு என்று யாரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. டேவிட் போவி சிவப்பு முடியும் முகச்சாயமுமாக ஒரு ஆளை உருவாக்கி, 1973ல் லண்டன் மேடையிலேயே அந்த ஆளுக்கு முடிவு கட்டிவிட்டு வேறு முகத்தோடு வந்தார். மடோனா ஆல்பத்துக்கு ஒரு உருவம். அதற்குப் பேர் 'மறுபிறப்பு', 'கலை'. அதையே கறுப்பர் செய்தால் மனநோய், இனத் துரோகம்.

அந்த போவிதான் 1983ல் எம்.டி.வி.க்காரரை உட்காரவைத்து, உங்கள் சானலில் ஏன் கறுப்பர்களைக் காணோம் என்று கேட்டார். சின்ன ஊர்க்காரர்கள் பயந்துபோவார்கள் என்கிற தோரணையில் பதில் வந்தது. அதே வருசம் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' அந்த அடைப்பை உடைத்தது. நிறமும் மூக்கும் உலகமே பேசுகிற விசயமான 1987ல் வந்த 'பேட்' ஆல்பத்திலிருந்து ஐந்து பாட்டுகள் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தன. மாறிய முகம் விற்பனையைக் குறைக்கவில்லை, பத்திரிகைகளுக்கும் தீனி போட்டது. அடி விழுந்தது 1993ல், சிறுவனிடம் தவறாக நடந்தார் என்ற புகார் வந்தபோது. வேறொரு புகாரில் 2005ல் நீதிமன்றம் விடுவித்தது. 2019ல் வந்த ஆவணப்படம் கேள்வியை மறுபடி எழுப்பியது. பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 'அந்த மூஞ்சியப் பார்த்தாலே தெரியலையா' என்று முகத்தையே சாட்சியாக்கினார்களே, அது வேறு. நம் சேரிப் பையன்களை போலீஸ் பிடிக்கிற லட்சணமும் அதுதான்.

இனி அந்த உவமைக்கு வருவோம். ஜாக்சன் தான் கறுப்பர் என்பதை எங்கே மறைத்தார்? நான் கறுப்பு அமெரிக்கன், என் இனத்தில் எனக்குப் பெருமை என்ற பொருள்பட அதே ஓப்ரா பேட்டியில் சொன்னார். 2002ல் ஹார்லெமில் நின்று, இசைக் கம்பெனிகள் கறுப்புக் கலைஞர்களைச் சுரண்டுவதைக் குற்றம்சாட்டினார். அந்தப் பேச்சு நம் ஆட்களுக்குத் தெரியாது, மூக்கு தெரியும்.

ஒரு ஆட்சேபம் மட்டும் வலுவானது. ஒவ்வொரு ஆல்பத்திலும் மெலிந்துகொண்டே போன அந்த மூக்கு, சுவர்ப் படமாக எத்தனையோ கறுப்புப் பிள்ளைகளின் அறையில் தொங்கியது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் நின்ற பிள்ளை என்ன கற்றுக்கொண்டிருக்கும்? இதை என்னால் தள்ள முடியவில்லை. முகம் அவருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது கற்பித்த பாடம் அவரோடு நிற்கவில்லை. அந்தப் பாடத்தைப் போட்டோ பிடித்து, அச்சடித்து, விலை போட்டு விற்றவர்களை விட்டுவிட்டு அவரிடம் மட்டும் கணக்குக் கேட்கிறோம் என்பதுதான் என் சண்டை.

நம்ம பக்கம் தோலைப் பார்த்துச் சாதி சொல்ல முடியாது. அதனால்தான் வாடகை வீடு கேட்டுப் போனால் 'எந்த ஊரு' என்று ஆரம்பித்து, 'ஊருக்குள்ளயா, காலனியா' என்று வந்து நிற்கிறார்கள். மறைக்கிறவர் தெருப்பேரை மறைக்கிறார், மாட்டுக்கறியை மறைக்கிறார், பிள்ளைக்கு வைக்கிற பேரை யோசித்து வைக்கிறார். அவரைத் துரோகி என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்குகிற தோழர்கள், அந்த வீட்டுக்காரரின் கதவை ஒருநாளாவது தட்டிக் கேட்டிருக்கிறோமா?