முதுமையின் விலை

ஒருவருடைய வருங்கால உழைப்புக்கு இன்றே விலை கூறுவது முறையா? ஆளை வேலைக்கு அமர்த்தும் எவரும் அன்றாடம் செய்வதுதான் இது. அமெரிக்கக் கூடைப்பந்து உலகில் கோடைதோறும் அது ஊரறிய, தொகை விவரங்களோடு நடைபெறுவதால், இக்கேள்வியை அங்கே வைத்து ஆராய்வது நமக்கு எளிதாகிறது. ஒப்பந்தம் முடிந்த வீரர் எக்குழுவோடும் பேசலாம். குழுக்கள் அவருடைய வயதையும் முழங்காலையும் முதுகெலும்பையும் எண்ணிப் பார்த்து ஒரு தொகை சொல்கின்றன. வளையத்தடியில் நின்று ஆடும் நெடிய மைய ஆட்டக்காரருக்கு இக்கணக்கு கடுமையானது. அவருடைய உயரம் குறைவதில்லை. அவ்வுடலைச் சுமந்து எம்பும் மூட்டுகளே தேய்கின்றன.

ப்ரூக் லோப்பஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1988இல் பிறந்தவர், நெட்ஸ் குழுவின் வரலாற்றில் மிகுதியான புள்ளிகளைக் குவித்தவர். 2017-18 பருவத்தில் லேக்கர்ஸ் குழு அவருக்கு அளித்த ஊதியம் ஏறத்தாழ 2 கோடியே 26 லட்சம் டாலர். அடுத்த கோடையில் மில்வாக்கி பக்ஸ் குழு அவரை எடுத்ததோ ஏறத்தாழ 34 லட்சத்துக்கு. ஓராண்டுக்குள் அவர் அத்துணை தேய்ந்துவிட்டாரா? இல்லை. 2016இல் ஊதிய உச்சவரம்பு ஒரேயடியாக உயர்ந்தபோது பல குழுக்கள் வாரி இறைத்துவிட்டன. 2018இல் அவற்றின் கை காய்ந்திருந்தது. பிறர் செய்த ஊதாரித்தனத்தின் சுமை இவர் தலையில் விழுந்தது என்றே சொல்லவேண்டும்.

அதே மனிதருக்கு 2019இல் நான்காண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் தரப்பட்டது. 2023இல், 35 வயதில், இரண்டாண்டுகளுக்கு 4 கோடியே 80 லட்சம். 2025இல், 37 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் குழுவில் இரண்டாண்டுகளுக்கு 1 கோடியே 80 லட்சம். இத்தொகைகளைக் கேட்டுத் திகைக்கும் வாசகர், இவருக்காகவா இரங்கவேண்டும் என்று கேட்கலாம். இரக்கத்தை நாம் கேட்கவில்லை. இவ்வளவு ஏறி இறங்கும் ஓர் அளவுகோல் எதைத்தான் அளக்கிறது என்பதே நம் கேள்வி.

விலையுள்ளவை வேறு, மாண்புள்ளவை வேறு என்று 1785இல் காண்ட் பிரித்துக் காட்டினார். அதோடு நிறுத்திக்கொள்வது வசதியானது. ஆனால் விலை கூறுதலை முற்றிலும் இழிவென்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை. ஒருகாலத்தில் குழு விடுவித்தாலன்றி வீரர் வேறிடம் செல்ல இயலாது. ஆஸ்கார் ராபர்ட்சன் முன்னின்று 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் உடன்பாட்டில் முடிந்தது. முழுமையான உரிமை 1988இல்தான் வந்தது. சந்தையில் நிற்பதே அவர்களுக்கு விடுதலையாக இருந்தது.

கணக்கு எங்கே தவறுகிறது என்பதை லோப்பஸே காட்டுகிறார். முதல் எட்டுப் பருவங்களில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து அவர் எறிந்தவை மொத்தம் 31. வளையம் புகுந்தவை 3. ஒன்பதாம் பருவத்திலோ 387 எறிந்து 134 புகுத்தினார். ஏறக்குறைய முப்பது வயதில் தம் ஆட்டத்தையே புதிதாகக் கற்றுக்கொண்டார். எட்டாண்டுப் பதிவேட்டை மட்டும் புரட்டியவர் இதை எப்படிக் கண்டிருக்க முடியும்? 2021 டிசம்பரில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பருவத்தில் 13 ஆட்டங்களே ஆடினார். அடுத்த பருவத்தில் சிறந்த தற்காப்பாளர் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். மேலும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக அவர் பாய்வதைவிட, எதிராளியைத் தம் முதுகால் மறித்து நிற்பதே மிகுதி. பந்தைப் பிடிப்பவர் தோழர். ஏட்டில் ஏறுவதும் தோழரின் பெயரே.

அப்படியாயின் மில்வாக்கி 2025இல் நன்றி கொன்றதா? அக்குழு 2021இல் வாகை சூடியபோது நடுவில் நின்றவர் அவர். அவர் வெளியேற, 29 வயதான மைல்ஸ் டர்னருக்கு நான்காண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலருக்கும் மேல் தரப்பட்டது. இதை நன்றிகேடு என்று நாம் கருதவில்லை. உச்சவரம்புக்கு உட்பட்ட பணம் அது. ஒருவருக்குக் கூட்டினால் மற்றொருவருக்குக் குறையும். ஒப்பந்தம் வாங்குவது வரப்போகும் நாள்களை; சென்ற நாள்களுக்குரிய கடனை அதில் சேர்த்துத் தீர்க்க முயன்றால், கடனும் தீராது, குழுவும் தளரும். அக்கடனைச் செலுத்த வேறு வழிகள் உண்டு. ஆனால் சம்பளத் தாளில் உள்ள எண்ணை எடுத்து, இம்மனிதர் இனி இவ்வளவே என்று சொல்லத் தொடங்கும்போது, ஊகம் தீர்ப்பாக மாறிவிடுகிறது. அங்கேதான் நாம் மறுக்கிறோம்.

37 வயதில் அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில், இரண்டாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை குழுவிடமே விடப்பட்டது. அதற்கு முந்தைய பருவத்தின் 82 ஆட்டங்களில் அவர் ஆடியவை 80.