கல்லும் நெகிழும், நம் உள்ளம்?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



சென்ற விடுமுறையில் நம் மஹல்லா இளைஞர்களோடு ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலுள்ள கண்டிக்கோட்டைக்குச் சென்று வந்தோம். ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில், எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு பென்னா ஆறு ஓடுகிறது. தெலுங்கு அறிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ‘எர்ர’ என்றால் சிவப்பு. விளிம்பில் நின்று பார்த்தால் அடுக்கி வைத்தாற்போல் பாறைகள். சிவப்பிலேயே எத்தனை சிவப்பு!

ஃபாத்திர் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் மலைகளின் வெண்மை, சிவப்பு, கருமை நிறங்களை அல்லாஹ் எடுத்துக் காட்டுகிறான். அடுத்த வசனத்திலேயே, தன்னை அஞ்சுவோர் அறிவுடையோரே என்கிறான். ஆகவே, செல்ஃபி எடுத்துத் திரும்புவதோடு பயணம் முடிந்துவிடாது.

சகோதரர்களே, அந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது உளியல்ல, தண்ணீர். கையில் அள்ளினால் விரலிடுக்கில் நழுவும் தண்ணீர். விடாமல் ஓடியது; பாறை வழிவிட்டது.

கோட்டைக்குள் ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. அதனருகே அமர்ந்திருந்தபோது ஓர் இளைஞர் மெதுவாகச் சொன்னார்: “ஹஜ்ரத், எங்க அத்தாவும் பெரியத்தாவும் ஒரே பள்ளியிலதான் தொழறாங்க. ஒரு சுவர்த் தகராறு, நாலு வருஷமா பேச்சில்ல. அது என்ன கல்லு ஹஜ்ரத்?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் யாரென்று தேடாதீர்கள். அது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல.

அல்பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனம் கல்லைவிடக் கடினமாகிவிட்ட உள்ளங்களைப் பற்றிப் பேசுகிறது. கல்லிலிருந்தாவது ஆறு பீறிடும், பிளந்து நீர் கசியும், அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழும். அந்த உள்ளத்துக்கு அதுவும் இல்லை.

ஒரு முஸ்லிம் தன் சகோதரரிடம் மூன்று நாட்களுக்கு மேல் பேசாமல் ஒதுங்கியிருப்பது கூடாது, இருவரில் சிறந்தவர் ஸலாமை முந்திச் சொல்பவரே என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (புகாரி, முஸ்லிம்). மூன்று நாள் எங்கே, நான்கு வருடம் எங்கே?

சுவர் யாருடையது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இன்று தொழுகை முடிந்ததும், வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு ஸலாம் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஜுமுஆவிலும் சொல்லுங்கள். தண்ணீரும் ஒரே நாளில் பாறையை அறுக்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களை நெகிழச் செய்வாயாக! பிரிந்த உறவுகளை இணைத்து வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.