குதிரைக்கு நெய்ச்சோறு

மெரினாவில் குதிரைச் சவாரிக்காரர்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது என் பழக்கம். சவாரி போக இல்லை, சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓர் அப்பா தன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராகக் குதிரையின் பின்பக்கமாகவே நடந்து வந்தார். குதிரைக்காரர் போட்ட சத்தத்தில் சுண்டல் விற்கிற பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். "சார், பின்னால வராதீங்க சார். தோள் பக்கமா வாங்க. நீங்க வர்றது அதுக்குத் தெரியாது."

உண்மைதான். குதிரையின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் அது ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும், மூக்குக்கு அடியிலும் மட்டும் பார்வை எட்டாது. வேட்டையாடப்பட்டே பழகிய இனம் அது. பின்னால் வருவது யாராக இருந்தாலும் முதலில் உதை, அப்புறம்தான் விசாரணை. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் உதை வாங்கித் தெரிந்துகொண்டவர்; லுங்கியைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார்.

"உங்க குதிரையாண்ணே?"

"நம்முது இல்லப்பா. ஓனர் வேற. நமக்கு நாள் கூலி." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா ராத்திரி அதுக்கு வயிறு புடிச்சிக்கிச்சுன்னா ஓனருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"சும்மா சும்மா திரும்பி வயித்தப் பாக்கும். காலால மண்ணப் பறிக்கும். அப்புறம் நமக்குத் தூக்கம் ஏது?"

அந்தக் குதிரை யாருடையது? சட்டத்தைக் கேட்டால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். காசு கொடுத்தவருடையது. ஆனால் அது வயிற்றைத் திரும்பிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று தெரியாத ஒருவர், எந்த அர்த்தத்தில் அதை 'வைத்திருக்கிறார்'? இது ஏதோ வார்த்தை விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மார்க்கோ போலோவைப் படித்தேன்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் பாண்டிய நாட்டுக் கரைக்கு வருகிறார். முத்துக்குளிப்பு, மன்னரின் நகைகள் என்று வியந்துகொண்டே போகிறவர், குதிரை விஷயத்துக்கு வந்ததும் கிட்டத்தட்டத் தலையில் அடித்துக்கொள்கிறார். மன்னர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். சகோதரர்களும் அதேபோல வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் போடுகிறார்களாம். போலோவின் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் அடுத்த தலைமுறையில் எழுதிய வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரும் இதே திசையைத்தான் காட்டுகிறார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை. வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் கருவூலத்திலிருந்து பணம் உண்டு. வந்திறங்கிய குதிரைகளுக்கு வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்து வேகவைத்த தானியம், காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் முளையடித்துக் கட்டிப்போடுகிறார்கள். பிறகு பழக்காமல், அங்கவடிகூட இல்லாமல் வீரர்கள் ஏறிப் பறக்கிறார்கள்.

இந்த இடத்தில் குதிரையின் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை ரொம்பச் சின்னது. நாள் முழுக்க நடந்துகொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதற்காக ஆன குடல் அது. மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் குடலில் புளித்துப் பொங்கும். சாதாரண வயிற்றுவலி என்று நாம் நினைப்பது உயிரையே எடுத்துவிடும். அதோடு நிற்காது. வயிற்றில் ஆரம்பித்த கேடு காலுக்கு இறங்கி, குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கி, நிற்கவே முடியாமல் போகும். சாப்பாட்டில் செய்த தப்பு நடையில் தெரியும். குதிரை தெரிந்த ஒருவர் வஸ்ஸாஃபின் அந்தப் பட்டியலைப் படித்தால் பதறிப்போவார்.

கவனியுங்கள், அந்த லாயத்தில் கொடுமைக்காரர் யாரும் இல்லை. பாலும் வெண்ணெயும் கொடுப்பது இந்த ஊரில் எவ்வளவு பெரிய மரியாதை! வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிப்பதுபோலக் கவனித்திருக்கிறார்கள். குழந்தை இளைத்துவிட்டது என்று நெய்யை ஊற்றிப் பிசைகிற அதே கைதான் அங்கேயும் வேலை செய்திருக்கிறது. நமக்குப் பிடித்ததை அதற்குக் கொடுத்தோம். அது என்ன பிராணி என்று கேட்கவில்லை. (நரிகளைப் பரிகளாக்கிய திருவிளையாடலில், ஒரே ராத்திரியில் மதுரை லாயத்துக் குதிரைகள் எல்லாம் நரிகளாகி ஓடிப்போகும். மாணிக்கவாசகர் காலம் இதற்கெல்லாம் முந்தையது. ஆனாலும் ராஜா பெரும்பணம் கொடுத்து வாங்கிய குதிரை நிலைக்காது என்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிய சமாச்சாரம் போல.)

போலோ சொல்கிற இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்தலானது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை கொண்டுவந்த வணிகர்கள், குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்த ஆட்களைப் பாண்டிய நாட்டுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இங்கே குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் கப்பல் நிறையக் குதிரை விற்கும். அதாவது குதிரையை விற்றார்கள், குதிரையை அறிகிறவனை விற்கவில்லை.

அறிந்தவனிடம்தான் நியாயம் இருக்கிறது என்று இரண்டு பத்திக்கு முன்னால் நான் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன் இல்லையா? அந்த வணிகர்களுக்குக் குதிரையை அணு அணுவாகத் தெரியும். இவ்வளவும் தெரிந்தேதான் கப்பலில் ஏற்றினார்கள். அறியாத அன்பு கொன்றது. அன்பில்லாத அறிவு அந்தச் சாவுக்கு விலை வைத்தது. இரண்டில் எது பெரிய பாவம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.

குதிரையைப் பழக்குகிறவரின் அறிவும் அப்படி ஒன்றும் தூய்மையானது இல்லை. கடிவாளத்தின் இரும்பு எங்கே உட்காருகிறது தெரியுமா? குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில், பல்லே இல்லாத வெறும் ஈறின் மேல். ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துக்கொள்கிற பிராணியின் வாய்க்குள் இரும்பு. அதைப் பழக்குவது பெரும்பாலும் அழுத்தத்தால்; இன்னும் சரியாகச் சொன்னால் அழுத்தத்தை விடுவதால். சொன்னதைச் செய்த அந்தக் கணத்திலேயே கயிறு தளர வேண்டும். தளர்வதைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்கிறது. நல்ல பழக்குநருக்கும் மோசமானவருக்கும் உள்ள தூரம் பல சமயம் அந்த அரை நொடிதான். எங்கே வலிக்கும் என்று தெரிந்தவரால்தான் வலிக்காமல் ஓட்ட முடியும். வலிக்க வைக்கவும் அவரால்தான் முடியும். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், வற்புறுத்தி ஆடவைத்த குதிரையில் அழகு இருக்காது, சவுக்கால் அடித்து ஆடவைத்த நடனக்காரனைப்போல என்ற பொருளில் சொல்கிறார். நல்ல மனுஷன். ஆனால் அவரும் போருக்குத்தான் பழக்கினார்.

இவர்களில் எனக்குப் பிடித்தவர் கிக்குளி. 3300 ஆண்டுகளுக்கு முன்னால் மித்தானி நாட்டிலிருந்து ஹிட்டைட் அரசுக்குப் போய், தேர்க்குதிரைகளைப் பழக்கியவர். இன்றைய துருக்கியில் கிடைத்த களிமண் பலகைகளில் அவர் முறை நாள் வாரியாக இருக்கிறது: இன்று எவ்வளவு ஓட்டம், எப்போது குளிப்பாட்டல், எவ்வளவு தீனி. சுற்றுகளை அவர் எண்ணும் சொற்களில் நம் ஏக, பஞ்ச, சப்தவின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். பலகை ஆரம்பிப்பதே அவர் பெயரோடும் தொழிலோடும்தான். பாண்டியர் லாயத்தில் ராத்திரி விழித்திருந்த எவர் பெயரும் போலோவிடமும் இல்லை, வஸ்ஸாஃபிடமும் இல்லை. விலை மட்டும் இருக்கிறது.

போன மாதம் மறுபடி மெரினா போனேன். அதே அண்ணன், அதே குதிரை. முன்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, குளம்பின் அடியில் இருந்த மணலை ஒரு சின்ன இரும்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். குனிந்து முகர்ந்தார். "அழுகுற வாடை வருதான்னு பாக்கறேன். மதியத்துலேர்ந்து இந்தக் கால கொஞ்சம் தாங்கித் தாங்கி வைக்குது."

"அப்போ இன்னிக்கு சவாரி வேணாம்னு ஓனர்கிட்ட சொல்லலாம்ல?"

"சொன்னேன். 'நல்லாத்தான நிக்குது'ன்றாரு." சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "வலிக்குதுன்னா அது காட்டாதுப்பா. மறைச்சிக்கும். நிக்கறத பாத்தா நல்லாத்தான் இருக்கும்."

அப்போது ஒரு குடும்பம் வந்தது. இரண்டு பிள்ளைகள், பெரியவள் ஏற்கெனவே கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவர் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். குதிரையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், என் பக்கம் பார்க்கவில்லை.

"தோள் பக்கமா வாம்மா," என்றார். "சின்னவன் மட்டும் ஏறட்டும். ஒரு ரவுண்டுதான். நடைதான், ஓட்ட மாட்டேன்."